பரண்ல கிடைச்ச பழைய ஜகன்மோகினி, இதை வச்சு பெண்கள் வரலாறு தேடணும்னா எங்க ஆரம்பிக்கறது?

பரண்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆராய்ச்சி மாணவி எல்லாம் இல்ல, சென்னைல ஐடி வேலை, சும்மா ஆர்வம்தான். கும்பகோணத்துல பாட்டி வீட்டை விக்கறதுக்கு முன்னாடி சாமானை ஒழிக்கலாம்னு போன மாசம் எல்லாரும் போயிருந்தோம், பரண்ல ஒரு துருப்பிடிச்ச டிரங்குப் பெட்டி, உள்ள புடவைக் கரையை கிழிச்சு கட்டி வச்ச பழைய பத்திரிகைக் கட்டு, பிரிச்சுப் பார்த்தா ஜகன்மோகினி, வை.மு.கோதைநாயகி அம்மாள் நடத்தினது. மொத்தம் பதினோரு இதழ். மாமா எடைக்குப் போட்டுடலாம்னார், நான் கிட்டத்தட்ட சண்டை போட்டு எடுத்துட்டு வந்தேன்.

பெட்டி பாட்டியோட அம்மாவுதாம். அவங்க பள்ளிக்கூடம் போனதே இல்லன்னு வீட்டுல சொல்லித்தான் நான் வளர்ந்திருக்கேன். அப்போ இதை யார் படிச்சா? ஒரு இதழோட பின்னட்டைல பென்சில்ல ஏதோ பால் கணக்கு மாதிரி வரிசையா எழுதி பக்கத்துல கோடு கோடா போட்டிருக்கு, சில இதழ்ல அட்டையே இல்ல, இன்னொண்ணுல "ஆங்கிரஸ ஆனி"ன்னு கையால எழுதியிருக்கு, அது என்ன தேதின்னு கூட எனக்குப் புரியல.

அந்தக் காலத்துப் பெண்கள் என்ன படிச்சாங்க, என்ன எழுதினாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன், அரிய நூல் பிரிவுன்னு பேரு, நீங்க எந்த டிபார்ட்மென்ட், கைடு லெட்டர் எங்கன்னு கேட்டு வாசலோட அனுப்பிட்டாங்க. என்னை மாதிரி வெளியாளுக்கு வழி இருக்கா? எங்க போகணும், என்ன கேட்கணும்?


பழுப்புத்தாள்:

அம்மா, முதல்ல ஒண்ணு, அந்த இதழ்ல எங்கயும் செல்லோடேப் ஒட்டிடாதீங்க, லேமினேஷனும் வேண்டாம். நல்லது பண்றதா நினைச்சு பண்ணி பத்து வருஷத்துல டேப் போன இடம் எல்லாம் பழுப்பா ஊறி எழுத்தே போயிடும், என் சர்வீஸ்ல எத்தனை பார்த்திருக்கேன். பேப்பர் அப்பளம் மாதிரி ஒடியுதுன்னா புரட்டறதைக் குறைங்க, செல்போன்ல நிதானமா ஒவ்வொரு பக்கமா ஒரு தடவை படம் எடுத்துட்டு பருத்தித் துணில சுத்தி அட்டைப்பெட்டில படுக்க வாக்குல வைங்க. மூலைல பொடிப்பொடியா ஓட்டை இருந்தா ராமபாணப் பூச்சி வேலை, வீட்டுல இருக்கற மத்த புத்தகத்தோட சேர்க்காதீங்க.

நான் முப்பது வருஷம் நூலகத்துல கேட்டலாக் போட்டவன். அதனால எங்க தப்பையும் நானே சொல்லிடறேன். பெண்கள் எழுதினதைத் தேடறவங்க கேட்டலாக்ல "பெண்கள்"னு போட்டுத் தேடினா பாதிகூட வராது. சமையல் புத்தகம் சமையல்ல இருக்கும், கும்மி நாட்டுப்பாடல்ல இருக்கும், நாவல் நாவல்ல இருக்கும், எழுதினவங்க பெண்ணுங்கறதுக்கு தனியா ஒரு தலைப்பு போடணும்னு எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல, நாங்களா போடவும் இல்ல. பேர் இன்னும் மோசம். உங்க கோதைநாயகி அம்மாளையே எடுத்துக்கோங்க, வை.மு.ன்னா வைத்தமாநிதி முடும்பை, அது புகுந்த வீட்டுக் குடும்பப் பேரு. சின்னக் குழந்தையா இருந்தப்பவே கல்யாணம் பண்ணிட்டாங்க, அதுக்கு முன்னாடி அவங்க யாருங்கறது இனிஷியல்லயே கிடையாது. அதனால ஒரே ஆளை கோதைநாயகி, கோதைநாயகி அம்மாள், கோதைநாயகி அம்மையார், வை.மு.கோ.ன்னு நாலு விதமா போட்டுப் பாருங்க. இன்னார் மனைவி, இன்னார் குமாரத்தின்னு மட்டும் போட்டு வந்ததும் உண்டு. வெளிநாட்டு நூலகத் தளத்துலன்னா தமிழ்ல தேடினா பெரும்பாலும் வராது, அவங்க எழுத்துக்கு எழுத்து மேல கோடு கீழ புள்ளி வச்சு ரோமன்ல எழுதற முறை ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல "த" எழுத்துக்கு t போடுவாங்க, நாம நினைக்கற மாதிரி th கிடையாது. இது தெரியாம எத்தனை பேர் "இல்ல"ன்னு திரும்பிப் போயிருக்காங்க.

பள்ளிக்கூடம் போகாதவங்க எப்படிப் படிச்சாங்கன்னு கேட்டீங்களே, கோதைநாயகி அம்மாளே பள்ளிக்கூடம் போகாதவங்கதான். முதல் நாடகம் இந்திரமோகனா, அவங்க வாயால சொல்லச் சொல்ல பட்டம்மாள்னு தோழி ஒருத்தங்க எழுதிக் குடுத்தாங்க. அப்புறம்தான் எழுதப் பழகி, 1925ல ஜகன்மோகினியை கைல எடுத்து, நூத்துக்கும் மேல நாவல் எழுதினாங்க. நடுவுல 1930கள் ஆரம்பத்துல மறியல் பண்ணி ஜெயிலுக்கும் போனாங்க. உங்க கொள்ளுப்பாட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கலாம், இல்ல ஒருத்தர் படிக்க நாலு பேர் உக்காந்து கேட்டிருக்கலாம்.

ஆங்கிரஸங்கறது தமிழ் வருஷப் பேரு. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், 1872, 1932, 1992. உங்களுது 1932 ஜூன் ஜூலை. பழைய புத்தகத்துல வருஷப் பேரு மட்டும் போட்டிருந்தா அச்சகம், தாள், விலை எல்லாம் பார்த்துத்தான் எந்தச் சுத்துன்னு முடிவு பண்ணணும், இல்லாட்டி ௲௯௱௨௰௫ மாதிரி தமிழ் எண்ல போட்டிருப்பாங்க, பயந்துடாதீங்க, அது 1925தான்.

எங்க போறதுன்னா தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்ல ஒரு மனுஷன் போர்டு எழுதற தொழில் பண்ணிக்கிட்டு வாழ்நாள் பூரா சேர்த்தது, நாடக நோட்டீஸ்ல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும். 1992ல அவர் இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச்சு, ஆனா கப்பல்ல ஏத்திடாம 1994ல சென்னைலயே நூலகமா வச்சாங்க. எழும்பூர்ல கன்னிமாரா, அங்கயே மறைமலையடிகள் நூலகமும் இருக்கு. பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம். தயங்காம கேளுங்க, அடையாள அட்டை எடுத்துட்டுப் போங்க, பேனா வேண்டாம் பென்சில் மட்டும், கையைக் கழுவிட்டு நல்லா துடைச்சுட்டு தொடுங்க.

ஒரு விஷயம் கேட்கணும். பால் கணக்குன்னீங்களே, அதுல எண்ணு இருக்கா பேரு இருக்கா? முடிஞ்சா சொல்லுங்க.


வீணைமீட்டி:

பழுப்புத்தாள் ஐயா சொன்னதுல கூட ஒண்ணு, அட்டை. நூலகத்துல பத்திரிகையை பைண்ட் பண்ணும்போது பல இடத்துல அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழிச்சுட்டுத்தான் தைச்சிருக்காங்க, எடம் மிச்சம்னு. ஆனா பெண்கள் வரலாறு தேடறவளுக்கு அந்த விளம்பரம்தானே வேணும், சோப்பு, தையல் மிஷின், பேறுகால டானிக், கடிதம் வந்த ஊர் பேரு இதெல்லாம். உங்ககிட்ட அட்டையோட ஆறேழு இருந்தாலும் பெரிய நூலகத்துல இல்லாதது உங்க வீட்டுல இருக்கலாம், மாமாகிட்ட சொல்லுங்க ☺️

நான் தேவதாசி மரபு பத்தி ஆய்வு பண்றேன், அதுல என்னை ஆட்டி வச்ச கதை ஒண்ணு சொல்லட்டா, கொஞ்சம் நீளும். 18ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல மராட்டிய அரசர் பிரதாபசிம்மன் அவைல முத்துப்பழனின்னு ஒரு தாசி, தெலுங்குல ராதிகா சாந்த்வனமுன்னு ஒரு காவியம் எழுதினா. ராதை கண்ணன் கதைதான், ஆனா ஆசையும் கோபமும் எல்லாம் ராதை பக்கத்துல இருந்து. ஆரம்பத்துல தன் குடும்பத்துப் பெண்கள் வழியா தன் மரபைச் சொல்லித்தான் நூலைத் தொடங்கறா. அப்புறம் ஒரு பதிப்பு அச்சுல வந்தது, பார்த்தா அந்த முன்பகுதியையே காணோம், கூட பல பாட்டும் இல்ல. அதாவது நூல் இருக்கு, எழுதினவளோட வம்சம் மட்டும் போச்சு!

இதைப் பிடிச்சது பெங்களூர் நாகரத்தினம்மா, ஆமா, திருவையாறுல தியாகராஜருக்கு சமாதிக் கோயில் கட்டினவங்களேதான். அவங்களும் தாசி குலம். அச்சுப் பதிப்பைப் படிச்சுட்டு, இது முழுசா இல்லயேன்னு ஓலைச்சுவடியைத் தேடிப் பிடிச்சு, ஒப்பிட்டு, 1910ல வாவிள்ள கம்பெனி மூலமா முழுசா பதிப்பிச்சாங்க. அடுத்த வருஷமே ஆபாசம்னு சொல்லி வெள்ளைக்கார சர்க்கார் தடை. அந்தத் தடை எடுபட்டது 1947ல, சென்னை மாகாணத்துல பிரகாசம் முதல்வரா இருந்தப்போ, மறுபதிப்பு வந்தது 1952. அதே வருஷம் நாகரத்தினம்மாவும் இறந்துட்டாங்க.

ஏன் சொல்றேன்னா நமக்கு முன்னாடியே ஒரு பொம்பளை சுவடிக்கட்டுக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் நடுவுல உக்காந்து என்ன காணாம போச்சுன்னு பார்த்திருக்கா. நீங்களும் ஒரே புத்தகத்துல ரெண்டு பதிப்பு கிடைச்சா ரெண்டையும் எடுத்துப் பாருங்க, முன்னுரையை விடாதீங்க. முன்னுரைலதான் எழுதினவங்க வாயைத் திறப்பாங்க.

அப்புறம் வீட்டுல வயசான அத்தை பாட்டி யாராவது இருந்தா உடனே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. மும்பைல ஸ்பாரோன்னு பெண்களுக்கான ஆவணக் காப்பகம் இருக்கு, 1988ல ஆரம்பிச்சவங்கள்ல நம்ம எழுத்தாளர் அம்பையும் ஒருத்தர், அங்க புத்தகத்துக்கு சமமா குரலையும் போட்டோவையும் சேர்க்கறாங்க. புத்தகம் காத்திருக்கும், பாட்டி காத்திருக்க மாட்டா.


ஊர்க்குருவி:

நல்ல பேச்சுதான், ஆனா ஒண்ணு கேக்குறேன் கோச்சுக்காதீங்க. டிரங்குப் பெட்டியும் பரணும் பத்திரிகைச் சந்தாவும் இருந்த வீட்டுப் பெண்களோட வரலாறுதானே இதெல்லாம்? எங்க அப்பத்தா வயக்காட்டுல நாத்து நட்டுச்சு, எந்தப் பெட்டியில இருக்கும் அது?

நானும் தேடியிருக்கேன், சும்மா குறை சொல்லல. எனக்கு கிடைச்ச வழி சொல்றேன். குஜிலி புத்தகம்னு கேளுங்க, சென்னை குஜிலிக் கடைத்தெருவுல காலணா அரையணாவுக்கு வித்த பாட்டுப் புத்தகம். கொலைச்சிந்து, ரயில் சிந்து, புயல் சிந்து, கும்மின்னு சாணித்தாள்ல அச்சடிச்சது, பெரிய மனுஷன் எவனும் சேர்த்து வைக்கல. ரோஜா முத்தையா மாதிரி ஆளுங்க சேர்த்ததாலதான் மிஞ்சுச்சு. அதுல பொம்பளையைப் பத்தி இருக்கறது பாதி திட்டுதான், ஆனா திட்டுலகூட என்ன வேலை பார்த்தா, எங்க போனா, எதுக்கு பயந்தானுங்கன்னு தெரியும்.

அடுத்தது பெரியார் நடத்துன குடி அரசு பத்திரிகை, 1925ல இருந்து. கூட்டத்துல பேசினவங்க பேரு, சுயமரியாதைக் கல்யாணம் பண்ணினவங்க பேரு, ஊர் எல்லாம் வரும், நீலாவதி, குஞ்சிதம் மாதிரி பேரெல்லாம் அந்தப் பக்கங்கள்ல திரும்பத் திரும்பப் பார்ப்பீங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936ல தாசிகள் மோசவலைன்னு நாவல் போட்டாங்க, அவங்களே பொட்டுக்கட்டின, அதாவது கோயிலுக்கு தாசியா நேர்ந்து விட்ட வாழ்க்கையைப் பார்த்து எதிர்த்து வெளிய வந்தவங்க, அது "நாவல்" அலமாரில இருக்கறதால வரலாறு படிக்கறவன் எடுக்க மாட்டான்.

வீணைமீட்டி நாகரத்தினம்மா கதை சொன்னீங்க, சரி. ஆனா அந்தப் பொட்டுக்கட்டுற விஷயத்துல முத்துலட்சுமி ரெட்டி ஒரு பக்கம், நாகரத்தினம்மா எதிர்ப் பக்கம்னு அதையும் சேர்த்துச் சொல்லணும்ல? 1927ல அந்த வழக்கத்தை ஒழிக்கணும்னு முத்துலட்சுமி அம்மா சட்டசபைல தீர்மானம் கொண்டு வந்தப்போ தேவதாசிகளும் சங்கம் வச்சு சர்க்காருக்கு மனு போட்டாங்க, முத்துலட்சுமி அம்மா தரப்பும் எழுதிக்கிட்டே இருந்தாங்க, சட்டம் ஆனது 1947ல. ஒரு பக்கத்தை மட்டும் படிச்சுட்டு எவ நல்லவ எவ கெட்டவன்னு முடிவு பண்ணிராதீங்க, நான் அப்படித்தான் ரொம்ப நாள் பண்ணிக்கிட்டு இருந்தேன்.


வீணைமீட்டி:

ஊர்க்குருவி அண்ணா, நியாயம்தான், நான் எனக்குப் பிடிச்ச பக்கத்தை மட்டும் சொல்லிட்டேன். முத்துலட்சுமி ரெட்டியோட கடிதங்கள், காகிதங்கள் டெல்லில தீன்மூர்த்தி நூலகத்துல இருக்கு. அடையாறுல இந்திய மாதர் சங்கம் 1917ல தொடங்கி ஸ்த்ரீ தர்மான்னு பத்திரிகை நடத்தினாங்க, முத்துலட்சுமி ரெட்டி அதுக்கு ஆசிரியரா இருந்தவங்க. அதையும் மனுக்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா ரெண்டு பேருமே "மானம்"ங்கற ஒரே சொல்லைத்தான் வேற வேற அர்த்தத்துல சொல்றாங்களோன்னு எனக்குத் தோணும்.


வடக்குவீதி:

அக்கா, நான் யாழ்ப்பாணம். உங்கட ஆக்கள் சென்னையை விட்டு வெளிய வரமாட்டியளோ எண்டு கேக்கத்தான் வந்தனான் 😀 எங்கட பக்கம் 1981ல யாழ் நூலகம் எரிஞ்சதோட தொண்ணூத்தேழாயிரம் புத்தகம் போச்சு, அதுக்குப் பிறகு இப்ப எதைத் தேடினாலும் ஆற்றயோ வீட்டு அலுமாரிக்குள்ளதான் தேடவேணும். அதாலதான் 2005ல நூலகம் எண்ட இணையத்தளத்தைத் தொடங்கி பழசுகளை ஸ்கான் பண்ணிப் போடுறாங்கள், வீட்டில இருந்தே இலவசமா பாக்கலாம், ஒருத்தரும் கடிதம் கேக்கமாட்டினம்.

மங்களநாயகம் தம்பையா எண்டு தேடிப் பாருங்கோ, 1914ல நொறுங்குண்ட இருதயம் எண்ட நாவல் எழுதினவ. ஈழத்தில நாவல் எழுதின முதல் பெண் எண்டு அவவைத்தான் சொல்லுவினம். மலையகப் பக்கம் மீனாட்சியம்மாள் நடேசய்யர், தோட்டத் தொழிலாளருக்காக பாட்டுக் கட்டி மேடையில தானே பாடினவ, 1940ல அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகமா வந்தது. ஊர்க்குருவி அண்ணை கேட்ட வயல் தோட்டத்துச் சனத்துக்கு கிட்டத்தில வாற குரல் அதுதான் எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு. மிஷனரி ஆக்களின்ர புத்தகங்களைத் தள்ளிப்போடாதேங்கோ. வின்சுலோ அகராதி எண்டா தமிழ் படிச்ச எல்லாருக்கும் தெரியும். அவற்ற மனிசி ஹாரியட்தான் 1824ல உடுவிலில பெம்பிளைப் பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினவ. அவ செத்த பிறகு அவவின்ர நாட்குறிப்பு, கடிதங்களைச் சேர்த்து மனுசன் 1835ல புத்தகமாப் போட்டவர். மதம் மாத்துற கதைதான் கனக்க, ஆனா இடையில எங்கட பெட்டையள் எப்படி வந்தவை, தாய்மார் என்ன சொல்லிச்சினம் எண்டு வரும். வடிகட்டிப் படிக்கவேணும், அவ்வளவுதான்.


நாகூர்காற்று:

யாருமே சித்தி ஜுனைதா பேகத்தைச் சொல்லலியே! நாகூர்க்காரங்க, 1938ல காதலா கடமையான்னு நாவல், உ.வே.சா.வே அதுக்கு எழுதிக் குடுத்திருக்கார். இஸ்லாமியப் பத்திரிகைகளையும் லிஸ்ட்ல சேருங்க.


பழுப்புத்தாள்:

ஒரு முக்கியமானதை விட்டுட்டேன். 1867ல அச்சகச் சட்டம் ஒண்ணு வந்தது, அதுப்படி சென்னை மாகாணத்துல அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு பண்ணணும்னு இருந்தது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பட்டியல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழோட இணைப்பா வந்தது. பேரு, எழுதினவர், அச்சகம், பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை காப்பி, விலை, உரிமை யாருதுன்னு எல்லாம் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பாருங்க, அங்க முன்கூட்டியே விண்ணப்பம் குடுக்கணும். ரசம் இல்லாத வேலை, ஆனா புத்தகம் அழிஞ்சு போயிருந்தாலும் அது இருந்ததுக்கு சாட்சி அந்த ஒரு வரிதான், ஊர்க்குருவி தம்பி சொன்ன காலணாப் புத்தகம் உட்பட. "உரிமை" கட்டத்தை மட்டும் பாருங்க, எழுதினது அம்மாள், உரிமை வேற யாருதோன்னு இருக்கும், அங்கயே பாதிக் கதை இருக்கு.


பரண்பூனை:

அய்யோ இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க.

தரமணி போனேன். யாரும் கைடு லெட்டர் கேட்கல. பேரைப் பாதி பாதியா போட்டுத் தேடினேன், பழுப்புத்தாள் ஐயா சொன்ன மாதிரி ஒரு எழுத்து மாத்தினா வேற வேற வருது. மதியம் வரைக்கும் பழைய பத்திரிகைகளைப் புரட்டிட்டு எழுந்திருக்கவே மனசு இல்ல, என் கொள்ளுப்பாட்டி பேரு எங்கயும் இல்ல, இருக்கும்னு எதிர்பார்க்கவும் கூடாதுதான். ஊர்க்குருவி அண்ணா, குஜிலி புத்தகமும் கேட்டேன், ஒரு புயல் சிந்து படிச்சேன், தலை சுத்திடுச்சு.

இப்போ அந்த பால் கணக்கு. நீங்க கேட்டப்புறம்தான் வெளிச்சத்துல வச்சு ஒழுங்கா பார்த்தேன். எண்ணே இல்ல. எல்லாம் ஆளுங்கதான், ஆனா ஒருத்தருக்கும் பேரு கிடையாது. கோடியாத்து மாமி, மாடி வீட்டு மாட்டுப்பொண், டாக்டராத்துல, கிணத்தடி பாட்டி, சந்நிதித் தெரு ஓரகத்தி, மேலாத்து மாமின்னு மொத்தம் ஒன்பது வரி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மாசத்தோட பேரு, ஆனி, ஆடி, ஆவணின்னு, அதுக்கு மேல ஒரு கோடு. எங்க பெரிய பாட்டிக்கு 91 வயசு, போன்ல படிச்சுக் காட்டினேன், உடனே சிரிச்சுட்டாங்க, பாலும் இல்ல தயிரும் இல்லடி, புஸ்தகம் இரவல் குடுத்த கணக்கு, திரும்பி வந்தா கோடு போட்டுடுவா, அம்மாதான் மத்தியானத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவா, தாத்தா வர்ற சத்தம் கேட்டா அரிசி புடைக்க ஆரம்பிச்சுடுவாங்கன்னு சொன்னாங்க. ரெக்கார்ட் பண்ணிட்டேன் வீணைமீட்டி அக்கா, நாப்பது நிமிஷம்.

பதினோரு இதழையும் மாசவாரியா அடுக்கிப் பார்த்தேன், ஒரு வருஷத்துக்கு ஒண்ணு குறையுது, ஐப்பசி இல்ல. லிஸ்டுல எட்டு வரிக்கு கோடு இருக்கு. மேலாத்து மாமி, ஐப்பசி, அதுக்கு மட்டும் கோடு இல்ல.


பழுப்புத்தாள்:

தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஓவர்டியூ. மேலாத்து வீடு இன்னும் இருக்கான்னு விசாரிங்க, அங்கயும் ஒரு பரண் இருக்கும்.